வாள் நுனியில எழுத்து படிச்ச ராஜா

ஒரு காலத்துல ஆவாரநாடுன்னு ஒரு சீமை. அதை வீரமாறன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. நாப்பது வயசு. வாளெடுத்தா மின்னலு, ஆனா எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. சின்ன வயசுலயே சண்டைக்குப் போயிட்டாருல்ல, யாரு படிக்க வைப்பா? ஓலை வந்தா மந்திரி சிற்றம்பலம் படிப்பான், ராஜா தலையாட்டுவாரு.

ஒருநாள் ஒச்சம்மான்னு ஒரு குடியானவ ஓலையோட சபைக்கு வந்தா. ஓலை எழுதுற வீட்டுல வாக்கப்பட்டவ, தானே எழுதிக் கொண்டாந்தா. மந்திரி வாங்கி, "எங்க ஊருக் குளம் நெறஞ்சிருக்கு, ராஜா வாழ்க"ன்னு படிச்சான்.

"ஐயையோ, நான் அப்படி எழுதலையே சாமி!"

"பொய் சொல்றா ராஜா"ன்னான் மந்திரி.

ராஜா ஓலையை வாங்கிப் பாத்தாரு, பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. எறும்பு ஊருற மாதிரிதான் இருந்துச்சு. யாரை நம்புறது? "மழைக்கு முன்னால தீர்ப்புச் சொல்றேன்"னு அவளை அரண்மனையிலயே தங்கச் சொல்லிட்டு, ஓலையை இடுப்புல சொருகிக்கிட்டாரு.

அப்புறம் கமுக்கமா ஒரு பண்டிதர்கிட்டக் காட்டுனாரு. அவரு மந்திரிக்குப் பயந்து மந்திரி சொன்னதையே சொன்னாரு. சரி, நாமளே படிச்சாத்தான் உண்டுன்னு, "எனக்கு எழுத்துச் சொல்லிக்குடும்"னாரு ராஜா. பண்டிதரு பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி ஆனா ஆவன்னான்னு ராகம் போடச் சொன்னாரு. ராஜா வெக்கப்பட்டு எந்திரிச்சுட்டாரு. ரெண்டாவது பண்டிதரு வந்து சூத்திரம் சூத்திரமா ஒப்பிக்கச் சொன்னாரு, ராஜா தூங்கிட்டாரு. ஆமாங்கண்ணு, ராஜான்னா கொட்டாவி வராதா?

கடைசியா ஒச்சம்மாவையே கூப்பிட்டாரு. "தாயி, எனக்கு மண்டையில ஏறாது போல."

"கையில ஏறும் சாமி. உங்க குதிரை பேரு என்ன?"

"மயிலன்."

"வாளை எடுங்க"ன்னா.

லாயத்து மணல்ல வாள் நுனியால மயிலன்னு இழுக்க வச்சா. மறுநாளு அவரு அம்மா பேரு, அதுக்கு மறுநாளு அவரு புடிச்ச கோட்டை பேரு. எல்லாம் அவருக்குத் தெரிஞ்ச பேருதான். எழுத்து கோணுனா சிரிக்க மாட்டா, "இன்னொரு தடவை சுத்துங்க"ம்பா. ராஜா சாப்பாட்டை மறந்து மணல்லயே கெடந்தாரு.

"அந்த ஓலையைப் படிச்சுக் காட்டேன் தாயி"ன்னாரு ஒருநாள்.

"நான் படிச்சா அது என் பேச்சு சாமி. நீங்களே படிங்க."

ஒரு மண்டலம் ஆச்சு. ராஜா சபையைக் கூட்டி, மந்திரிகிட்ட ஓலையை நீட்டி, "படியும்"னாரு. குளம் நெறஞ்சிருக்குன்னான். "நல்லாப் பாத்துப் படியும்." அதையேதான் சொன்னான். "கடைசியாக் கேக்குறேன், படியும்." அதையேதான் சொன்னான்.

ராஜா ஓலையை வாங்கி, விரலை வச்சு, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாரு. "மந்திரி... மச்சான்... குளக்கரையை... வெட்டி... தன் கரும்புக்குத்... தண்ணி... கொண்டுபோயிட்டான். எங்க... புள்ளைங்களுக்குக்... குடிக்கத்... தண்ணி... இல்ல."

படிச்சு முடிக்கையில ராஜா கண்ணு கலங்கிருச்சு. மந்திரி பக்கம் திரும்புனாரு.

"நீரும் உம்ம மச்சானும் மண்ணு சொமந்து கரையைக் கட்டணும். என்ன வேலை பாத்தீருன்னு தெனமும் ஓலை எழுதி அனுப்பணும், நான்தான் படிப்பேன்"னாரு ராஜா.

மழை வர்றதுக்குள்ள கரை நின்னுச்சு. அதனால கண்ணுகளா, வளந்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்னா அவங்களுக்கு என்ன தெரியும், என்ன வேணும்னு மொதல்ல கேட்டுக்கணும். மந்திரி முதுகு வளஞ்சுச்சு, ஊருக்குளம் நெறஞ்சுச்சு, எங்கதையும் கரை சேந்துச்சு. தூங்குங்க.