பெஞ்சின் நீளம்

"அகலத் திரை எதுக்கு மேடம்? என் கதையில மலை இல்லை, குதிரை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்."

பரஞ்சோதி சலித்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு முதல் படம் எடுக்க வந்தவர். அவருக்குக் குருவாக வாய்த்தவர் ஒளிப்பதிவாளர் மேபல், அவரைவிடப் பத்து வயது இளையவர்.

மேபல் டீயைக் குடித்தார்.

"டி.வி.யில போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழும். என் மாமியார் டி.வி. ரிப்பேர்னு மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க."

"சரி சார். உங்க இஷ்டப்படியே எடுங்க."

அன்று படப்பிடிப்புக்குப் பரஞ்சோதியின் மனைவி வனஜா வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க அல்ல.

படத்தில் வருவது அவர்கள் கதை. அவர்கள் மகன் நகுலன் காய்ச்சலில் போன அன்று, ஐ.சி.யு. வாசலில் இருவரும் காத்திருந்த கதை. வனஜா முதலிலேயே சொல்லிவிட்டாள்: "ஒரு காட்சி பார்ப்பேன். பொய்யா இருந்தா என் பிள்ளையை வெச்சுப் படம் எடுக்கக் கூடாது."

பரஞ்சோதி சரி என்றிருந்தார். வேறென்ன சொல்ல முடியும்?

எடுத்தார்கள். முதலில் அப்பாவாக நடித்தவரின் முகம், திரை நிறைய. பிறகு அம்மாவாக நடித்தவளின் முகம், அதுவும் திரை நிறைய. இரண்டு பேரும் குடம் குடமாக அழுதார்கள். லைட் பிடித்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வனஜா மானிட்டரில் பார்த்தாள். எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நல்லா அழறாங்க" என்றாள்.

"பின்னே என்ன வனஜா?"

"அது நாம இல்லை."

"எது சரியில்லைன்னு சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டைரக்டர்."

படம் போயிற்று. அது பெரிதில்லை. இன்றைக்கு விட்டால் நகுலனைப் பற்றி வீட்டில் இனி ஒரு வார்த்தை பேச முடியாது.

மேபல் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம் இருங்க."

கறுப்பு டேப்பைக் கிழித்து மானிட்டரின் மேல்பக்கம் ஒரு பட்டை ஒட்டினார். கீழ்ப்பக்கம் ஒன்று.

"ஏற்கெனவே இத்தனூண்டு மானிட்டர். அதிலயும் கால்வாசியை மூடிட்டீங்களே!" என்றார் பரஞ்சோதி.

"என்ன சார் மறைஞ்சது?"

"ஃபேன். கூரை. கீழே தரை."

"அதெல்லாம் வேணுமா?"

பரஞ்சோதி யோசித்தார். "வேண்டாம்."

மேபல் கேமராவை எதிர்ச்சுவர் வரை பின்னுக்குத் தள்ளினார். நடிகர்களை பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் உட்கார வைத்தார்.

"அழ வேண்டாம். சும்மா உட்காருங்க."

பரஞ்சோதி மானிட்டரைப் பார்த்தார். இந்தக் கோடியில் ஒருவர். அந்தக் கோடியில் ஒருத்தி.

"மேடம், நடுவில வெறுமனே கிடக்கே."

மேபல் மானிட்டர் முன் உட்கார்ந்தார்.

"பார்க்கிறவங்க என்னன்னு பார்ப்பாங்க? ஒரு நர்ஸாவது நடந்து போகட்டுமே."

பரஞ்சோதியே போய் ஒரு ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து பெஞ்சின் நடுவில் வைத்தார். திரும்பி வந்து பார்த்தார். அவருக்குத் திருப்தி.

மேபல் எழுந்து போய் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

நடிகர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வனஜா மானிட்டர் முன் வந்து நின்றாள். கைப்பை தோளிலிருந்து நழுவியது. அவள் பிடிக்கவில்லை.

வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"அவங்களை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க. அன்னைக்கு நாம இவ்வளவு பக்கத்துல இல்லை."