ஒருவரும் சாகாத போர்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். தோற்ற சண்டையையும் ஜெயித்ததாக ராஜாக்கள் கல்லில் வெட்டிவைத்த காலம் அது. அப்படி ஒரு ராஜா ஆற்றங்கரைப் போரில் செம்மையாக அடிவாங்கித் திரும்பினார். படையில் பாதி திரும்பவே இல்லை. குடிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"போர்ச் சரித்திரம் எழுதப்படட்டும். நாம் வென்றோம், நம்மவர் ஒருவரும் சாகவில்லை" என்றார் ராஜா.

சபைப் புலவர் மதங்கநாதருக்கு விகடகவி கோணேரி என்றாலே வயிற்றெரிச்சல். "கோணேரி எழுதட்டும் பிரபு. அவன் சொன்னால்தான் ஊர் நம்பும்" என்று கொளுத்திப் போட்டார்.

"ஆகட்டும். கோணேரி, எழுதித் தேரடியில் படி. அதை நம்பாதவர் ஒருவர் இருந்தாலும் உன் தலை இருக்காது."

கோணேரிக்குப் போவது தலை மட்டுமா? அவன் தங்கை செங்கமலத்தின் புருஷன் அந்தப் போரில்தான் செத்தான். போரில் செத்தவன் வீட்டுக்கு அரண்மனை நிலம் தரும். உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். ஒருவரும் சாகவில்லை என்றால் உதிரப்பட்டி ஏது? பாவி ராஜா ஒரே வரியில் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்துவிட்டார்!

வேறு வழியில்லாமல் எழுதினான். பிறகு போரில் செத்தவர்களின் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். தேரடியில் படித்து முடித்தான். ஊர்க்காரர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் பெண்கள் கூட்டம். எல்லோரும் பூவும் பொட்டுமாக, கையில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள்.

"யாரும் சாகலைன்னு படிச்சாங்களே மகாராசா, எங்க வீட்டுக்காரங்கள எப்ப அனுப்புவீங்க?"

ராஜா பதறிப்போய்ச் சபையில் நின்ற கோணேரியிடம் திரும்பினார். "செத்தவர்களை நான் எங்கேயடா போய்க் கொண்டுவருவேன்?"

"ஆகா! நம்பாதவர் ஒருவர் அகப்பட்டார் பிரபு!" என்று துள்ளிய மதங்கநாதர், அது யார் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோணேரி கைகூப்பினான். "ஊரே நம்பிவிட்டது அரசே. நம்பாதவர் இன்னும் ஒரே ஒருவர்தான். என் தலையைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் பெயரைச் சபையில் சொல்லலாமா?"

ராஜா அவனை முறைத்தார். மீசையை நீவினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"பிழைத்துப் போ! சரித்திரத்தைத் திருத்தி எழுது. மந்திரியாரே, இவர்களுக்கு உதிரப்பட்டி கொடுங்கள்" என்றவர், தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கோணேரிக்குப் போட்டார்.

போன உயிர் திரும்பிவர, கோணேரி வாசலுக்கு ஓடினான். பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டு, அழுதபடி கலைந்துகொண்டிருந்தார்கள். செங்கமலம் மட்டும் தட்டோடு அங்கேயே நின்றாள்.

"நிலம் கிடைச்சிருச்சு தாயி. வா, போகலாம்."

அவள் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருண்ணே. ஒருவேளை நிசமாவே வந்துட்டாருன்னா?"