அனந்தகிரி மடிக்காத இலை

முன்னொரு காலத்தில், நெல்லுக்கும் தேங்காய்க்கும் குறைவில்லாத ஒரு நாட்டை ஆண்ட ராஜா, ஒருநாள் காலையில் பால் குடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். தொழுவத்துப் பக்கம் காலாறப் போனவர், கறக்கிற நேரத்தில் கன்றை மடியிலிருந்து இழுத்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டார். கன்று அவரையே பார்த்ததாம். அவ்வளவுதான்.

"இனி என் அரண்மனைக்குள் பால், தயிர், மோர், நெய் எதுவும் நுழையக் கூடாது. கன்று குடிக்கட்டும்!"

சபையில் எல்லோர் முகமும் சுருங்கிப் போனது. விகடகவி தொப்பளான் மட்டும், "நல்ல கட்டளை, மகாராஜா" என்றான்.

நெய்க் களஞ்சியத்து அதிகாரி அனந்தகிரிக்குப் பொறுக்கவில்லை. தொப்பளான் வாய் திறந்தால் ராஜா சிரிப்பார். அனந்தகிரி வாய் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். அந்த எரிச்சல் வேறு பல நாளாக உள்ளே கிடந்தது.

"அரசே, நெய் ஊற்றாத விருந்தை உண்டவன் இலையைத் தன் பக்கம் மடிப்பானா?" என்று கேட்டார்.

வயிறும் மனமும் நிறைந்தவன் இலையைத் தன் பக்கமாக மடிப்பது அந்த நாட்டு வழக்கம். எதிர்ப்பக்கம் மடித்தால், இந்தச் சாப்பாடு இனி வேண்டாம் என்று அர்த்தம்.

ராஜாவுக்கும் குறுகுறுத்தது. "தொப்பளா, நல்ல கட்டளை என்றவன் நீதானே? நாளை மதியம் சபையோருக்கு நீயே விருந்து வை. எதிர்ப்பக்கம் மடித்த இலை ஒன்று கிடந்தாலும் என் கட்டளையை விட்டுவிடுகிறேன். நீ இந்த நாட்டை விட்டுவிடு."

தொப்பளான் வெளியே வரும்போதே தூண் மறைவில் அனந்தகிரியின் குரல் கேட்டது. "எப்படி ருசித்தாலும் சரி, எல்லோரும் எதிர்ப்பக்கமே மடியுங்கள். ஒழிந்தான் பயல்!"

வீட்டுக்கு வந்தவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "மூட்டையைக் கட்டு, புள்ள. அமுதத்தையே வச்சாலும் மடிக்கத்தான் போறானுக. பேசி வச்சிட்டானுக."

அவன் மனைவி மூக்காயி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்டுல என்னைக்கு நெய்யைக் கண்டோம்? நீங்க தின்னுட்டு எதை மிச்சம் வச்சீக? கொஞ்சம் விட்டா சட்டியையும் கடிப்பீக."

தொப்பளான் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். "மூட்டை வேணாம். அரிசியையும் உளுந்தையும் ஊறப் போடு. முருங்கைக்கீரை இருக்கா?"

மறுநாள் பந்தியில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால், துடைத்து வைத்த மரப்பலகைகள் இருந்தன. ஒவ்வொரு பலகையிலும் வாழையிலை போலவே நீளமாக, கீரைச்சாறு கலந்து பச்சையாக ஊற்றிய தோசை ஒன்று.

"என்னடா இது?" என்றார் அனந்தகிரி.

"இன்றைக்கு இதுதான் இலை, ஐயா. தாங்கள் இஷ்டம்போல் மடித்துக்கொள்ளலாம்."

அனந்தகிரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பரிமாறத் தொடங்கினார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் சீரகம் தாளித்துக் கொட்டிய பருப்பு. கத்தரிக்காய் வெந்து குழைந்த புளிக்குழம்பு. வாழைப்பூ வடை. தேங்காய்ப்பாலில் கொதித்த பூசணிக்கூட்டு. மிளகு ரசம். கடைசியில் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் கூடிய பாயசம். நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை செய்தவன் வீடு திரும்பி உண்பதுபோல உண்டார்கள் அத்தனை பிரபுக்களும். நெய் எங்கே என்று கேட்க ஒரு வாயும் சும்மா இல்லை.

ஊற்றிய குழம்பெல்லாம் கீழே இறங்கித் தோசையில் ஊறிவிட்டது. ஒருவர் ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர், "எப்படி ஓய்?" என்றார். கிள்ளியவர் அதற்குள் பாதி இலையைத் தின்றிருந்தார். அப்புறம் வரிசை முழுவதும் கை கீழே போனது.

அனந்தகிரி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, தோசையின் நுனியைப் பிடித்து எதிர்ப்பக்கம் மடிக்கப் போனார். ஊறிய தோசை கிழிந்தது. குழம்பும் பாயசமும் அவர் விரல் வழியே வழிந்தன. அவரையும் அறியாமல் விரலை நக்கினார். கிழிந்த துண்டு வாய்க்குள் போனது. அடுத்த துண்டும் போனது. பிறகு பலகைதான் மிஞ்சியது.

ஓரமாக அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ராஜா எழுந்து பந்தியைச் சுற்றி வந்தார். "இலைகள் எங்கே?"

"தேடிப் பாருங்கள், மகாராஜா. எதிர்ப்பக்கம் மடித்தது ஒன்று இருந்தாலும் இப்போதே கிளம்புகிறேன்."

"அரசே, ஏமாற்று! அது இலையே இல்லை!" என்று கத்தினார் அனந்தகிரி. உதட்டோரத்தில் பச்சை ஒட்டியிருந்தது.

"இலை இல்லையென்றால் மடித்த இலையும் இல்லைதானே, ஐயா? இலைதான் என்றால் அது இப்போது தங்கள் வயிற்றில் இருக்கிறது. அங்கே எந்தப் பக்கம் மடிந்திருக்கிறதோ, நான் அறியேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் தொப்பளான் கழுத்தில் போட்டு, நெய்க் களஞ்சியத்தின் சாவியையும் அவனிடமே கொடுத்து, இனி அங்கே தேங்காய் அடுக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"அடுக்களையில் இன்னும் ஒரு இலை இருக்கிறதா பார், தொப்பளா. நின்றுகொண்டே தின்றுவிடுகிறேன்."