கரண்டுக்கும் வழி வேணும்

எண்ணூர் இரும்பு யார்டில் எலெக்ட்ரீஷியன் ஹெல்பராக இருந்த சகாயத்துக்குச் சொந்த ஊர் மணப்பாட்டில் மகள் பிறந்திருந்தாள். இன்னும் முகம் பார்க்கவில்லை. போனில் அவள் அழுகை கேட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

ஆனால் லீவு கேட்க வழியில்லை; கிரேன் மோட்டாரில் பேரிங் அடிக்கடி அரித்துப்போனது. மோட்டார் தண்டில் ஏறும் கரண்டைத் தரைக்கு இறக்க எர்த்திங் பிரஷ் கேட்டவனை, மேனேஜர் வரதராஜுலு "வீண் செலவு" என்று விரட்டியிருந்தார். முதலாளி வந்த அன்று பழியையும் அவன்மேல் போட்டார்.

"இவன் கிரீஸ் போடுற லட்சணம் சார். பேரிங் நிலைக்கிறவரை இவனுக்கு லீவே கிடையாது."

சகாயம் கைகட்டி நின்றான். "சரிங்க சார். ஒரு சந்தேகம். ஆபீஸ் மாடியில செம்புக்கம்பி எதுக்குங்க?"

"மின்னல் தரைக்குப் போகத்தான், மடையா!" என்றார் வரதராஜுலு. "வழி விடலேன்னா கட்டடத்தைப் பிளந்துட்டுப் போகும்."

"மோட்டார் கரண்டும் அப்படித்தாங்க. வழியில்லாம பேரிங்கைப் பிளக்குது. வீட்டுக்குப் போகத் துடிக்கிறதை மறிச்சா வேற என்னங்க செய்யும்?"

முதலாளி சிரித்துவிட்டார். "வரதராஜுலு, கரண்டுக்கும் வழி விடுங்க, இவனுக்கும் விடுங்க."

பிரஷை மாட்டிய கையோடு சகாயம் பஸ் ஏறினான். மணப்பாட்டில் அவன் தூக்கியதும் மகள் வீறிட்டாள். பதறிப்போய்க் குழந்தையை மனைவியிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "அழட்டும். இத்தனை நாள் போன்லதானே கேட்டீங்க. நீங்களே வச்சிருங்க."