யாரும் தொடாத கயிறு

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. தெய்வசிகாமணி அதன் மேலாளர். அங்கிருந்து போன லோடுகளில் இரண்டு, பம்ப் ஒழுகுகிறது என்று திரும்பி வந்துவிட்டன. இன்னொன்றும் வந்தால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் கம்பெனிக்குப் பூட்டுத்தான். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. தன் குருவிடம் ஓடினார்.

“வெளிநாட்டுல செய்யற மாதிரியே செஞ்சுட்டேனுங்க, சாமி. பம்ப் மாட்டற லைன்ல ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் ஒரு கயிறு. தப்பு எது கண்ணுல பட்டாலும் இழுங்க, சங்கு ஊதி லைனே நின்னுரும், அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டுன்னு மைக் வெச்சுச் சொல்லியாச்சு. லட்டுகூடக் குடுத்தோமுங்க.”

“இழுக்கறாங்களா?”

“லட்டத் தின்னாங்க. கயித்த ஒருத்தரும் தொடலீங்க. பயப்படாதீங்கன்னு தெனமும் தொண்டை கிழியச் சொல்றேன். அப்பறமும் ஏனுங்க இழுக்க மாட்டேங்கறாங்க?”

மறுநாள் காலை குரு கம்பெனிக்கே வந்துவிட்டார். காபி வேண்டாம் என்றார். ஏசி அறையும் வேண்டாமாம். பம்ப் மாட்டும் இடத்தில் வளர்மதி என்ற பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெரியவர் போக்கே தனி என்று நினைத்தபடி தெய்வசிகாமணி தன் அறைக்குப் போனார்.

சற்று நேரத்தில் சங்கு ஊதியது. லைன் நின்றது.

சாயங்காலத்துக்குள் லோடு கிளம்பியாக வேண்டும். தெய்வசிகாமணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக ஓடி வந்தார்.

“எவன்டா கயித்த இழுத்தது?”

யாரும் நிமிரவில்லை. குருவின் கை மட்டும் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“அட, சாமிங்களா! சும்மா இழுத்துப் பாத்தீங்களாக்கும். அதனால என்னங்க, பரவால்லீங்க.” திரும்பிக் கையைத் தட்டினார். “ஓட்டுங்கப்பா, ஓட்டுங்க!”

வளர்மதி கையில் விரிசல் விட்ட ஒரு பம்ப் இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை, அடுத்த ஆளுக்குத் தள்ளவும் இல்லை. குருவைப் பார்த்தாள், மேலாளரைப் பார்த்தாள்.

குரு கயிற்றை விட்டார்.

“யார் இழுத்ததுன்னு கேட்டுட்ட, தெய்வசிகாமணி. எதுக்கு இழுத்ததுன்னு இன்னும் கேக்கலியே.”