தட்டாத மரங்கொத்தி

அல்லியூற்றுக் காட்டில் இருமல் நோய் புகுந்து கோடை முழுக்க ஆட்டிப் படைத்தது. குடிக்கத் தண்ணீர் இருந்ததோ ஒரே குளத்தில்தான். இருமுகிற பிராணி குளத்துக்கு வந்தால், கரையிலிருந்த மருத மரத்தை மரங்கொத்தி ‘டொக் டொக்’ என்று தட்டும். மற்றவை ஒதுங்கி நின்று, அது போனபிறகு இறங்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் காடே பிழைத்துக் கிடந்தது.

எல்லாரையும்விட அதிகம் நம்பியது ஒரு தாய் முயல். அதன் ஒரே குட்டிக்குப் பிறவியிலேயே நெஞ்சில் பலமில்லை. நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கும்.

ஒருநாள் மந்திரி நரி மரத்தடிக்கு வந்தது.

“எந்நேரமும் என்னய்யா டொக் டொக்? பிராணிகள் மிரளுகின்றன. சிங்கராஜாவைக் கும்பிடக்கூடக் கூட்டம் சேருவதில்லை. இனிமேல் தட்டாதே!”

“இருமல் இன்னும் போகவில்லையே, மந்திரியாரே!”

“அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ உன் வேலையைப் பார்!”

அதன் வேலையே அதுதானே! ஆனால் ராஜாவின் உப்பைத் தின்றாயிற்று. மரங்கொத்தி தட்டுவதை நிறுத்திக்கொண்டது. மறுநாள் நரியின் ஏவலில் காக்கைகள் காடெங்கும் கத்தின: “பயப்படாதீர்கள்! பயப்படாதீர்கள்!”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கதைதான். தட்டுகிற சத்தம் நின்றதும் நோயே நின்றுவிட்டதாக எல்லாம் நினைத்துக்கொண்டன. மானும் பன்றியும் இடித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தன.

முயல் மட்டும் புதருக்குள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ‘டொக்’ என்று ஒரு சத்தமும் இல்லை.

“இன்னும் என்னம்மா பயந்து சாகிறே?” என்று ஒரு மான் கேலி செய்தது.

“தாகமா இருக்கும்மா” என்று குட்டி முனகியது.

பெற்ற மனம் கேட்குமா? முயல் குட்டியைக் கூட்டத்துக்குள் இறக்கிவிட்டது. பக்கத்தில் ஒரு பன்றி லொக்லொக்கென்று இருமியது. தூசியாக இருக்கும் என்று முயல் தன்னைத் தேற்றிக்கொண்டது.

தூசியில்லை. அந்த வாரமே குட்டி இருமியது. இருமி இருமியே அடங்கிப்போயிற்று.

முயல் மருத மரத்தடிக்கு ஓடியது.

“ஏன் அண்ணே தட்டலை? உன் சத்தத்தைத்தானே நம்பியிருந்தேன்!”

“தட்டாதேன்னு உத்தரவு, தங்கச்சி.”

“நோய் போயிடுச்சுன்னா உத்தரவு போட்டாங்க?”

“போகலை. எனக்குத் தெரியும்.” மரங்கொத்தி கண் கலங்கியது. “தெரிஞ்சும் சும்மா இருந்தேனே, பாவி!”

முயல் நேரே நரியிடம் போய்க் கதறியது. நரி பதறவே இல்லை.

“பயப்படாதீர்கள் என்றுதானே சொன்னோம்? நோய் இல்லை என்று எப்போதாவது சொன்னோமா?”

யோசித்துப் பார்த்தால், அப்படி ஒருவரும் சொல்லத்தான் இல்லை. முயல் வளைக்குத் திரும்பி, குட்டி படுத்திருந்த இடத்தை முகர்ந்து முகர்ந்து அழுதது. அழுது என்ன? போன உயிர் வருமா?

ஊர் பயப்படுமே என்று உண்மையை மறைப்பவன் பயத்தைப் போக்குவதில்லை, உயிரைத்தான் போக்குகிறான்.