வாசலில் பிறக்கும் எண்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை. தேவசகாயம் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலோர ஊர்களில் எந்த நிவாரண முகாமில் இன்னும் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று மக்களுக்கு மேலே வரைபடத்திலும் கீழே பட்டியலிலும் காட்டும் இணையப் பக்கம் அது. அவர் எழுதியது. பழைய முறையிலேயே நிரல் எழுதி நரைத்தவர், புது முறையைக் கற்றுக்கொள்ள மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்திருந்தார். மெஹருன்னிசா வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம் சந்தேகம் கேட்கும்போது தேவசகாயம் எழுந்து நின்றுதான் கேட்பார்.

"மேடம், படுக்கையில் கிடக்கிற ஒரு அம்மாவை நேத்து பள்ளிக்கூட முகாமுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இடமில்லைன்னு வாசல்லயே சொல்லிட்டாங்களாம். நம்ம இணையப் பக்கத்துல இடம் இருக்குன்னு காட்டியிருக்கு. அந்தம்மா இப்போ ஆஸ்பத்திரியில இருக்காங்க."

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

"வரைபடத்தைச் சோதிச்சேன், சரியா இருக்கு. பட்டியலைச் சோதிச்சேன், அதுவும் சரி. தனித்தனியா எல்லாமே சரி. அப்போ தப்பு எங்கே மேடம்?"

மெஹருன்னிசா கார் சாவியை எடுத்தார்.

"வாங்க சார்."

மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அந்த அம்மா மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடந்தார். மழையில் நனைந்ததில் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பக்கத்தில் மகள் அஞ்சலை, யாரோ கொடுத்த நைட்டியில், தாயின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தாங்கள் யார் என்பதை மெஹருன்னிசா மறைக்காமல் சொன்னார். வசவை எதிர்பார்த்துத் தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலை திட்டவில்லை.

"மேப்புல எடம் இருக்குன்னு காட்டுச்சுங்க. கீழ லிஸ்ட்டுல அதே பள்ளிக்கூடம் ரொம்பிடுச்சுன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா அங்கே போனீங்க?" தேவசகாயம் கேட்டார்.

"அதுதானுங்களே பக்கம். இடுப்பளவு தண்ணி. அம்மாவ வேற எங்க தூக்கிட்டுப் போறது? எது எனக்கு வேணுமோ அதை நம்பிட்டேன்."

அலுவலகம் திரும்பியதும் தேவசகாயம் நேராகத் திரைக்கு முன் போய் நின்றார்.

"புரிஞ்சிடுச்சு மேடம். யாராவது முகாமுக்கு வர்றதாச் சொல்ல 'வருகிறேன்' பொத்தானை அமுக்கினா, வரைபடம் தன் எண்ணைத் தானே குறைச்சுக்குது, பட்டியலுக்கும் சொல்லுது. பட்டியலும் அப்படியே. நேத்து நடுவுல ஏதோ ஒரு சேதி தவறிப்போச்சு. ரெண்டையும் கண்காணிக்க மூணாவதா ஒண்ணு எழுதிடுறேன்."

"அந்த மூணாவதை யார் கண்காணிக்கிறது?"

மெஹருன்னிசா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். வரைபடம் வைத்திருந்த எண்ணை அழித்தார். பட்டியல் வைத்திருந்ததையும் அழித்தார். திரை வெறுமையானது.

"இப்போ எண்ணே இல்லையே மேடம்."

"எண் எங்கே பிறக்குது சார்?"

"முகாம் வாசல்ல. ஆளுங்களை உள்ளே விடுறவர் போன்ல பதிவு பண்றார்."

"அங்கிருந்து வரட்டும். வந்ததைப் படமும் காட்டட்டும், பட்டியலும் காட்டட்டும். தங்களுக்குன்னு எதையும் வெச்சுக்க வேணாம்."

"பொத்தானை அமுக்கினா?"

"அந்தச் சேதி வாசலுக்குப் போகட்டும். வாசல் சொன்னப்புறம் எண் மாறட்டும்."

"கொஞ்சம் தாமதமாகுமே."

"ஆகட்டும்."

மதியம் சாப்பிடக்கூட எழாமல் அவர் எழுதினார். வங்கக்கடலில் அடுத்த தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. எழுத எழுத நிரல் சுருங்கிக்கொண்டே வந்தது. படமும் பட்டியலும் இப்போது ஒரே எண்ணைச் சொல்லின. ஓரிடத்தில் மட்டும் அவர் கை நின்றது. எழுந்தார்.

"மேடம், புயல்ல சிக்னல் போயிடும். வாசல்லேருந்து எண் வரவே இல்லைன்னா? கடைசியா வந்த எண் எதுவோ, அதையே காட்டிட்டு இருக்கலாமா?"

"அந்த நேரத்துல உள்ளே எத்தனை பேர் இருப்பாங்க?"

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"அந்தத் 'தெரியாது'ங்கிறதையே காட்டுங்க, சார்."